இணையச் சேவை நிறுவனங்களும் தகவல் இடைமறிப்புச் சட்டங்களும்

ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும் கடிதம், தந்தி, தொலைபேசிப் பேச்சு, மின்னஞ்சல் போன்றவற்றை, அவை போய்ச் சேரும் வழியிலேயே மூன்றாம் நபர் படிப்பது, கேட்பது அல்லது பதிவு செய்வது தகவல் இடைமறிப்பு எனப்படும். பேச்சுவழக்கில் இதை ஒட்டுக்கேட்பு என்பர். அரசு சட்டப்படி ஆணை பிறப்பித்து இதைச் செய்யும்போது, தகவலைச் சுமந்து செல்லும் நிறுவனம் அதற்கு உதவக் கடமைப்பட்டுள்ளது. அஞ்சலும் தந்தியும் தொலைபேசியும் அரசுத் துறைகளாக இருந்த காலத்தில் இந்தக் கடமை வெளியே தெரியவில்லை. இணையச் சேவை தனியார் கைக்கு வந்தபின் அது உரிம நிபந்தனையாகவும், மீறினால் சிறைத்தண்டனை தரும் சட்டமாகவும் மாறியது.

இந்தியாவில் இடைமறிக்கும் அதிகாரம் 1885 முதல் இன்றுவரை தொடர்ந்து சட்டத்தில் இருந்துவருகிறது. அதை எப்படிப் பயன்படுத்த வேண்டும் என்ற நெறிமுறை 1996இல்தான் வந்தது. நெறிமுறையை மீறினால் என்ன விளைவு என்ற கேள்விக்கு இன்னும் முழுமையான விடை கிடைக்கவில்லை. அந்த விடையைத் தேடிய முக்கியமான வழக்குகளில் சில தமிழ்நாட்டில் தோன்றியவை.

கடிதமும் தந்தியும்

அரசு கடிதங்களைப் பிரித்துப் படிப்பது பழைய வழக்கம். 1844இல் லண்டனில் தங்கியிருந்த இத்தாலிய விடுதலை இயக்கத் தலைவர் மாத்சினி, தமக்கு வரும் கடிதங்களை அஞ்சல் துறை பிரித்துப் படிக்கிறது என்பதைக் கண்டுபிடித்தார். உள்துறை அமைச்சர் சர் ஜேம்ஸ் கிரகாமின் ஆணைப்படியே அது நடந்தது. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பெரும் எதிர்ப்பு எழுந்து, விசாரணைக் குழுக்கள் அமைக்கப்பட்டன. இந்த அதிகாரம் வேண்டுமா, யார் கையில் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாக விவாதிக்கப்பட்ட தொடக்ககால நிகழ்வுகளில் இது ஒன்று.

இந்தியாவில் அப்படியொரு விவாதம் நடக்க வாய்ப்பில்லை. ஆண்டது அயல்நாட்டு அரசு. 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் இரண்டு முக்கியமான பிரிவுகளைக் கொண்டிருந்தது. 4ஆம் பிரிவு, தந்தி அமைக்கும் தனியுரிமையை அரசுக்கு வழங்கியது. பிறருக்கு உரிமம் தரும் அதிகாரமும் அரசுக்கே இருந்தது. 5ஆம் பிரிவு, பொது நெருக்கடி ஏற்பட்டாலோ பொதுமக்கள் பாதுகாப்புக்குத் தேவைப்பட்டாலோ தந்திகளை நிறுத்திவைக்கவும் இடைமறிக்கவும் அரசுக்கு அதிகாரம் அளித்தது. நெருக்கடி உண்மையிலேயே இருந்ததா என்ற ஐயம் எழுந்தால், அரசுச் செயலர் கையொப்பமிட்ட சான்றிதழே முடிவான சாட்சி என்றும் சட்டம் கூறியது. அதிகாரத்தைப் பயன்படுத்துபவரே அதன் நியாயத்துக்கும் சான்று தரலாம் என்பது இதன் பொருள். 1898ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டம், 26ஆம் பிரிவில் கடிதங்களுக்கும் இதே ஏற்பாட்டைச் செய்தது.

சட்டம் 'தந்தி' என்ற சொல்லுக்கு விரிவான பொருள் தந்திருந்தது. அதனால் தொலைபேசி, வானொலி, கைப்பேசி, இணையம் என ஒவ்வொன்றும் வந்தபோது பழைய 5ஆம் பிரிவே அவற்றுக்கும் பொருந்தியது.

விடுதலைக்குப் பின்

அரசியலமைப்புச் சட்டம் வந்த பிறகும் தந்திச் சட்டம் தொடர்ந்தது. 1972இல் 5ஆம் பிரிவு திருத்தப்பட்டது. நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நல்லுறவு, பொது ஒழுங்கு, குற்றம் செய்யத் தூண்டுவதைத் தடுத்தல் ஆகிய ஐந்து காரணங்களுக்காக மட்டுமே இடைமறிக்கலாம் என்றும், காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றும் வரையறுக்கப்பட்டது. ஆனால் ஆணையில் யார் கையெழுத்திடுவது, அது எத்தனை நாள் செல்லும், பதிவுகளை எப்போது அழிப்பது என்பவற்றுக்கு விதி இல்லை. முறைகேடான இடைமறிப்பைத் தடுக்க விதி வகுக்கும் அதிகாரம் அரசுக்கு இருந்தும், அது பயன்படுத்தப்படவில்லை.

அஞ்சல் சட்டத்தை மேலும் விரிவாக்கும் மசோதா 1986இல் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியது. குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் அதற்கு ஒப்புதல் தரவில்லை, திருப்பியும் அனுப்பவில்லை. அந்த மசோதா கடைசிவரை சட்டமாகவில்லை.

அடுத்த திருப்பத்துக்கு வழிவகுத்தது ஒரு தமிழ் இதழின் வழக்கு. மரண தண்டனை பெற்றுச் சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிட முனைந்தபோது, அதைத் தடுக்கச் சிறைத்துறை அதிகாரிகள் முயன்றனர். இதழின் ஆசிரியர் தரப்பு தொடர்ந்த ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், 1994 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவர் பிறர் தலையீடின்றி வாழும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிர் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று அத்தீர்ப்பு கூறியது. வழக்கு பத்திரிகைச் சுதந்திரம் பற்றியது என்றாலும், அந்தரங்க உரிமைக்கு அது ஓர் அடித்தளமானது.

இரண்டு ஆண்டுகளுக்குப் பின் அந்த அடித்தளத்தின் மீதே தொலைபேசி வழக்கு எழுந்தது. அரசியல்வாதிகளின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டது குறித்த மத்தியப் புலனாய்வுத் துறையின் அறிக்கை 1991இல் ஓர் இதழில் வெளியானது. அதையொட்டி மக்கள் சிவில் உரிமைக் கழகம் வழக்குத் தொடர்ந்தது. 1996 டிசம்பர் 18 அன்று உச்ச நீதிமன்றம், தொலைபேசிப் பேச்சு அந்தரங்க உரிமையின் பகுதி என்று அறிவித்தது. மத்திய அல்லது மாநில உள்துறைச் செயலர் மட்டுமே ஆணையிடலாம். ஆணை இரண்டு மாதம் செல்லும். நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக்கூடாது. ஆணையின் நகல் ஒரு வாரத்துக்குள் மறுஆய்வுக் குழுவுக்குப் போக வேண்டும் என்று நெறிமுறைகள் வகுத்தது. நீதிபதியின் முன்அனுமதி வேண்டும் என்ற கோரிக்கையை மட்டும் அது ஏற்கவில்லை. இந்த நெறிமுறைகள் 2007இல் தந்தி விதிகளின் 419ஏ விதியாக விரிவாக எழுதப்பட்டன.

இணையம் வந்தபோது

விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது. 1998 நவம்பரில் இத்துறை தனியாருக்குத் திறக்கப்பட்டது. முதலில் களமிறங்கிய தனியார் நிறுவனங்களில் சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே குறிப்பிடத்தக்கது.

தனியாருக்குத் தரப்பட்ட உரிமம் பழைய தந்திச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்கீழ் தரப்பட்டது. எனவே உரிமத்தைப் பெற்றவருக்கு 5ஆம் பிரிவின் கடமையும் சேர்ந்தே வந்தது. கண்காணிப்புக்கான கருவிகளை நிறுவனமே தன் செலவில் அமைக்க வேண்டும். பாதுகாப்பு அமைப்புகளின் பயன்பாட்டுக்காகப் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றைத் தடையற்ற மின்சாரத்துடனும் குளிர்சாதன வசதியுடனும் ஒதுக்கித் தர வேண்டும் என்ற நிபந்தனைகூட அன்றைய உரிம ஒப்பந்தங்களில் இருந்தது. வாடிக்கையாளர்கள் அனுமதியின்றி 40 பிட் நீளத்துக்கு மேற்பட்ட சாவியால் தகவலை மறையாக்கம் செய்யக்கூடாது என்பது இன்னொரு நிபந்தனை. அதே காலத்தில், 2001இல், இந்திய ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்குக் குறைந்தது 128 பிட் மறையாக்கம் வேண்டும் என்று வழிகாட்டியது. ஒரு துறை கேட்ட பாதுகாப்பை இன்னொரு துறையின் நிபந்தனை தடுத்தது. நடைமுறையில் 40 பிட் வரம்பு ஏட்டளவில் நின்றுவிட்டது.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஆம் பிரிவில் இணையத்துக்கெனத் தனி அதிகாரத்தை உருவாக்கியது. 2008இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்த வடிவம் மேலும் விரிவானது. தந்திச் சட்டத்தில் இருந்த 'பொது நெருக்கடி', 'பொதுமக்கள் பாதுகாப்பு' என்ற இரு நுழைவாயில் நிபந்தனைகளும் இதில் இல்லை. 'எந்தக் குற்றத்தையும் விசாரிப்பதற்காக' என்ற புதிய காரணம் சேர்ந்தது. இடைமறிக்கவோ மறையாக்கத்தை நீக்கவோ உதவ மறுக்கும் சேவை நிறுவனத்தினருக்கு ஏழாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கப்படலாம். இதனால் தொலைபேசியில் பேசுவதைவிட மின்னஞ்சலில் எழுதுவது சட்டத்தின் பார்வையில் குறைந்த காப்புடையதானது. 2018 டிசம்பர் 20 அன்று மத்திய உள்துறை அமைச்சகம், இப்பிரிவின்கீழ்ச் செயல்படும் பத்து அமைப்புகளின் பட்டியலை வெளியிட்டபோதுதான் பொதுமக்கள் பலரும் இந்த அதிகாரத்தைப் பற்றி அறிந்தனர்.

ஆணை எப்படிப் போய்ச் சேருகிறது

2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்தது. இடைமறிப்பு அதிகாரம் இப்போது அதன் 20ஆம் பிரிவில் உள்ளது. 2024 டிசம்பர் 6 அன்று வெளியான புதிய விதிகள் 419ஏ விதிக்கு மாற்றாக வந்தன. நடைமுறையின் எலும்புக்கூடு பெரும்பாலும் பழையதே.

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழியிலுள்ள பரவையில் ஒரு வீட்டுக்கு வரும் இணைய இணைப்பை எடுத்துக்கொண்டால் இந்த நடைமுறை எளிதில் விளங்கும். அந்த இணைப்பு பி.எஸ்.என்.எல்., பெரிய தனியார் நிறுவனம், உள்ளூர் நிறுவனம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றினுடையதாக இருக்கலாம். இணையச் சேவை உரிமம் மூன்று வகைப்படும். 'ஏ' பிரிவு நாடு முழுமைக்கும், 'பி' பிரிவு ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், 'சி' பிரிவு மாவட்ட அளவிலான சிறு பகுதிக்கும் உரியது. சில நூறு வீடுகளுக்கு மட்டும் இணைப்புத் தரும் 'சி' பிரிவு நிறுவனமும் சட்டப்படியான இடைமறிப்புக்கு உதவியே ஆக வேண்டும். கேபிள் ஆபரேட்டர் ஒருவர் பெரிய நிறுவனத்தின் முகவராக மட்டும் செயல்பட்டால், பொறுப்பு உரிமம் பெற்ற நிறுவனத்தைச் சாரும்.

அந்த வீட்டின் தகவலை இடைமறிக்க வேண்டுமானால், தமிழ்நாட்டுக் காவல்துறை முதலில் மாநில உள்துறைச் செயலரிடம் எழுத்து மூலமான ஆணை பெற வேண்டும். வேறு வழியில் தகவலைப் பெற முடியாது என்ற நிலையிலேயே ஆணை தரப்பட வேண்டும். ஆணை நிறுவனத்தின் பொறுப்பு அலுவலரிடம் போகும். 419ஏ விதியின்படியும் 2009ஆம் ஆண்டு விதிகளின்படியும் அவர் இரண்டு மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும்; பதினைந்து நாளுக்கு ஒருமுறை தமக்கு வந்த ஆணைகளின் பட்டியலைத் திருப்பி அனுப்பி, அவை உண்மையானவையா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். போலி ஆணையைக் காட்டி யாரும் ஒட்டுக்கேட்காமல் தடுக்கும் ஏற்பாடு இது. ஆணை பற்றி வாடிக்கையாளரிடம் சொல்லக்கூடாது.

அவசர நிலையில் உயர் காவல் அதிகாரியே இடைமறிப்பைத் தொடங்கலாம். மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்து, ஏழு வேலை நாளுக்குள் உள்துறைச் செயலரின் ஒப்புதலைப் பெற வேண்டும். ஒப்புதல் கிடைக்காவிட்டால் அதுவரை பெற்ற தகவலைச் சாட்சியமாகவும் பயன்படுத்தக்கூடாது என்று 2024ஆம் ஆண்டு விதிகள் தெளிவாகக் கூறுகின்றன.

இடைமறிப்பு வேறு, பதிவேடு வேறு. யார், எப்போது, எந்த முகவரியிலிருந்து இணையத்தில் இணைந்தார் என்ற விவரம் உள்ளடக்கம் அன்று. 2021 டிசம்பரில் திருத்தப்பட்ட உரிம நிபந்தனையின்படி இத்தகைய பதிவேடுகளை நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இது சந்தேகத்துக்குரியவர்களுக்கு மட்டுமல்லாமல், எல்லா வாடிக்கையாளர்களுக்கும் பொருந்தும்.

சாவி யாரிடம்?

சுமந்து செல்பவருக்கே உள்ளே இருப்பது தெரியாவிட்டால் கடமையை எப்படி நிறைவேற்றுவது? பிளாக்பெர்ரி கைப்பேசி வந்தபோது இந்தக் கேள்வி முதலில் பெரிதாக எழுந்தது. 2010இல் இந்திய அரசு அந்நிறுவனத்துக்குக் கெடு விதித்தது. வணிக நிறுவனங்களுக்கான மின்னஞ்சல் சாவி தன்னிடமே இல்லை என்பது நிறுவனத்தின் பதில். 2016இல் வாட்ஸ்அப் தன் செய்திகள் அனைத்துக்கும் முழு மறையாக்கம் அளித்தபோது, அதே பதில் கோடிக்கணக்கான சாதாரண மக்களுக்கும் பொருந்துவதாயிற்று.

2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டு பொதுநல வழக்குகள் தொடரப்பட்டன. இணையவழி அவதூறுகளையும் குற்றங்களையும் தடுக்கச் சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்க வேண்டும் என்பது கோரிக்கை. விசாரணையின்போது கேள்வி வேறு திசையில் திரும்பி, வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டுபிடிக்க முடியுமா என்றாயிற்று. முடியும் என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. காமகோடி, முதலில் அனுப்பியவரின் விவரத்தைச் செய்தியுடனேயே சேர்த்து அனுப்பலாம் என 2019இல் யோசனை கூறினார். அந்த விவரத்தைப் பொய்யாக மாற்றவும் முடியும், அந்தரங்கமும் கெடும் என்று மறுத்தார் மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் மனோஜ் பிரபாகரன். 2019 அக்டோபரில் வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

தீர்ப்பு வருமுன்பே விதி வந்துவிட்டது. 2021 பிப்ரவரியில் வெளியான தகவல் தொழில்நுட்ப விதிகள், 50 லட்சத்துக்கு மேல் பயனர்கள் கொண்ட செய்திச் செயலிகள் முதல் அனுப்புநரை அடையாளம் காட்டும் வசதி செய்ய வேண்டும் என்று கூறின. வாட்ஸ்அப் நிறுவனம் அதை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்தை நாடியது.

திறந்த கதவின் ஆபத்து

இடைமறிப்புக்கென வைக்கப்படும் கருவி, அதை வைத்தவருக்கு மட்டுமே பயன்படும் என்பதற்கு உறுதி இல்லை. கிரேக்க நாட்டில் 2004, 2005ஆம் ஆண்டுகளில், ஒரு கைப்பேசி நிறுவனத்தின் இணைப்பகங்களில் இருந்த சட்டப்படியான இடைமறிப்பு மென்பொருளை யாரோ இரகசியமாக இயக்கி, பிரதமர் உட்பட நூறு பேருக்கு மேற்பட்டோரின் பேச்சுகளைக் கேட்டனர். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம் தொலைபேசி நிறுவனங்களை இடைமறிப்பு வசதி வைக்கக் கட்டாயப்படுத்தியது. பின்னர் அது அகலப்பட்டை இணையத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. 2024இல் சீனத் தொடர்புடைய ஊடுருவல் குழு ஒன்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குள் நுழைந்து, நீதிமன்ற ஆணைப்படி நடக்கும் இடைமறிப்புக்கான அமைப்புகளையே எட்டியது.

இந்தியாவில் அரசின் தொலைத்தொடர்பு ஆய்வு மையமான சி-டாட் உருவாக்கிய மத்தியக் கண்காணிப்பு அமைப்பு, நிறுவன ஊழியர்களின் கை படாமலேயே இடைமறிக்க வழி செய்கிறது. ஊழியர் வழியே இரகசியம் கசியாது என்பது இதன் நன்மை. ஆணையைச் சரிபார்க்கும் வெளியாள் ஒருவர் இல்லாமல் போவது இதன் குறை.

பேச்சு கசிந்தால் பதவியில் இருப்பவர்களும் பாதிக்கப்படுவர் என்பதைத் தமிழ்நாடு 2008இல் கண்டது. மாநிலத் தலைமைச் செயலரும் லஞ்ச ஒழிப்புத் துறை இயக்குநரும் பேசிய தொலைபேசி உரையாடல் நாளிதழில் வெளியாகி, விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அடுத்து வெளியான மற்றொரு பதிவையொட்டி அமைச்சர் ஒருவர் பதவி விலகினார்.

விதியை மீறினால்

நெறிமுறை இருந்தாலும், அதை மீறிப் பெற்ற பதிவு நீதிமன்றத்தில் செல்லும் என்றால் நெறிமுறைக்கு மதிப்பு குறைவு. நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், நடைமுறைக் குறைபாடு இருந்தாலும் ஒட்டுக்கேட்ட பேச்சைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று கூறியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, நீதிபதி புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாக அறிவித்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 2019இல் மும்பை உயர் நீதிமன்றம், லஞ்ச வழக்கொன்றில் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணைகளை ரத்து செய்து, பதிவுகளை அழிக்கச் சொன்னது.

2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் அளித்த தீர்ப்பு இதே வழியில் இன்னும் விரிவாகப் பேசியது. லஞ்சப் புகார் ஒன்றில், தனியார் கல்வி நிறுவனத்தின் அன்றைய நிர்வாக இயக்குநரின் தொலைபேசியை இடைமறிக்க மத்திய உள்துறை 2011இல் ஆணையிட்டிருந்தது. குற்றத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பது மட்டுமே பொது நெருக்கடியோ பொதுமக்கள் பாதுகாப்போ ஆகாது என்றும், பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் முன் வைக்கப்படவில்லை என்றும் கூறி நீதிபதி ஆணையை ரத்து செய்தார். அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தக்கூடாது, ஆனால் அவற்றைச் சாராமல் தனியே திரட்டிய சாட்சியங்களை விசாரணை நீதிமன்றம் பரிசீலிக்கலாம் என்பது தீர்ப்பு. சில நாள்களுக்கு முன்தான் டெல்லி உயர் நீதிமன்றம், பெரும் ஊழல் பொதுமக்கள் பாதுகாப்பைப் பாதிக்கும் என்று வேறு விதமாகத் தீர்ப்பளித்திருந்தது. எது சரி என்பதை உச்ச நீதிமன்றம்தான் முடிவு செய்ய வேண்டும்.

காவலுக்குக் காவல்

வெடிகுண்டுச் சதி, ஆள்கடத்தல் போன்ற குற்றங்களைத் தடுக்க இடைமறிப்பு தேவை என்பதைப் பெரும்பாலோர் மறுப்பதில்லை. கண்காணிப்பவரை யார் கண்காணிப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு உள்ளது. அமெரிக்காவில் குற்ற விசாரணைக்கான ஒட்டுக்கேட்புக்கு நீதிபதியின் ஆணை வேண்டும். பிரிட்டன் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில், அமைச்சர் கையெழுத்திட்ட ஆணைக்கு நீதித்துறை ஆணையரின் ஒப்புதலும் வேண்டும் என்று விதித்தது. இந்தியாவில் ஆணையிடுபவர் அரசுச் செயலர். மறுஆய்வுக் குழுவில் இருப்பவர்களும் அரசுச் செயலர்களே. ஒட்டுக்கேட்கப்பட்டவருக்குப் பின்னரும் அது தெரிவிக்கப்படுவதில்லை. எனவே, வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர் மட்டுமே ஆணையை எதிர்த்துக் கேட்க முடிகிறது. வழக்கில் சிக்காத மற்றவருக்குத் தாம் கேட்கப்பட்டதே தெரியாது.

எண்ணிக்கையும் ஒரு தடை. மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி இடைமறிப்பு ஆணைகள் மத்திய அரசால் பிறப்பிக்கப்படுகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 2013இல் பெற்ற பதில் கூறியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும் மறுஆய்வுக் குழு ஒரே கூட்டத்தில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இது நடைமுறைக்கு ஒவ்வாதது என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் சுட்டிக்காட்டியது. மூன்று பேர் ஒரு நாள் முழுக்க, எட்டு மணி நேரம் அமர்ந்தாலும், ஓர் ஆணைக்கு இரண்டு நொடிகூடக் கிடைக்காது.

1885ஆம் ஆண்டுச் சட்டம், ஒரு செயலரின் சான்றிதழே போதும் என்றது. இன்று அந்தச் சான்றிதழுக்கு மேல் ஒரு குழு இருக்கிறது, காலவரம்பு இருக்கிறது, அரிதாக ஒரு நீதிபதியின் பேனாவும் குறுக்கே வருகிறது. பரவை வீட்டின் இணைப்பானாலும் தலைமைச் செயலரின் தொலைபேசியானாலும், அந்தக் குழுவுக்கு ஒவ்வோர் ஆணையையும் படித்துப் பார்க்க நேரம் கிடைக்கும்போதுதான் இந்தப் பாதுகாப்பு ஏட்டை விட்டு நடைமுறைக்கு வரும்.